அளவுச் சட்டை

அம்மாவின் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரேயொரு வரிதான் இருந்தது. "பிள்ளைக்கு இப்ப அளவாயிருக்கிற சட்டை ஒண்டை ஆரிட்டையாவது குடுத்து விடுங்கோ, படத்துக்குத் தைக்கவேணும்." மிச்சமெல்லாம் நெல்லும் மழையும் ஐயாவின் முழங்கால் வலியும். பெரியம்மா கடிதத்தை உரத்து வாசித்து முடித்ததும், "என்னைப் பற்றி வேற ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டேன். "எழுதியிருக்கிறாவே, சட்டை கேட்டு" என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சட்டைக்கு அளவு வேண்டுமென்றால் மட்டும் மகள் ஞாபகம் வருகிறதாக்கும்!

அப்போது எனக்குப் பதினொரு வயது. பெரியம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அம்மா, ஐயா, அக்கா, தங்கச்சி, தம்பி எல்லாரும் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கிளிநொச்சிக் குடியேற்றத்தில் கிடைத்த காணியில் இருந்தார்கள். நான் மட்டும் யாழ்ப்பாணத்தில். காணி கிடைத்துக் காடு வெட்டிய முதல் வருடம் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்து போனது. என்னை மட்டும் அது விட்டுப் போகவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை குளிர் வந்து நடுக்கும். கையும் காலும் ஈர்க்குப் போல, வயிறு மட்டும் முன்னுக்கு. அம்மாவின் தமக்கையான பெரியம்மா பார்க்க வந்தவர், என்னைக் கண்டு தலையிலடித்துக்கொண்டார். "ஒரு வருசத்துக்கு என்னட்டை விடு. பிள்ளை தேறின உடன கொண்டந்து விடுறன்" என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு வருடம் இரண்டு வருடமானது. நான் தேறிவிட்டேன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. என்னைக் கொண்டுபோய் விடுகிற கதையையும் யாரும் எடுக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் என் வாய் காது வரை நீளும், இதற்கு மட்டும் வராது. பெரியம்மா விடிய ஒரு முட்டை அவித்துத் தருவார். தலைக்கு எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, இரட்டைப் பின்னல் பின்னி விடுவார். ஒரு நாளும் கை நீட்டியதில்லை. அடித்திருந்தால் அழுதாவது கேட்டிருப்பேன். முட்டை அவித்துத் தருகிறவரிடம், "உங்கட வீட்டிலயிருந்து என்னை அனுப்புங்கோ" என்று எப்படிக் கேட்கிறது?

படம் எடுக்கிற கதை இதுதான். பட்டணத்துப் புகைப்படக்காரர் ஒருவர் அந்தக் குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்க வருகிறாராம். விரும்பினவர்களுக்கு வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பாராம். எங்கள் வீட்டில் அதுவரை படமே இல்லை. நாலு பிள்ளைகளையும் ஒரே துணியில் உடுத்தி ஒன்றாக நிற்பாட்டி ஒரு படம் எடுக்க வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக நின்றிருக்கிறார். பெரியம்மா ஒத்துக்கொண்டார், ஆனால் கணக்காக. "சனிக்கிழமை விடியப் போறம், பின்னேரம் படம். ஞாயிறு திரும்ப வேணும். திங்கள் பள்ளிக்கூடம்."

ஒரேயொரு இரவு! அதற்குள் என் மூளை ஓடத் தொடங்கியது. சட்டை அளவில்லாமல் போனால் என்ன செய்வார்கள்? திருப்பித் தைக்க வேண்டும். திருப்பித் தைத்தால் படம் பிந்தும். படம் பிந்தினால் நான் நிற்க வேண்டும், ஒரு கிழமையென்றாலும் நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் சூழ்ச்சி. பதினொரு வயதில் அது பெரிய இராசதந்திரமாகத் தெரிந்தது.

"உனக்கு அளவான அந்தப் பச்சைச் சட்டையை எடுத்துப் பொதியாக் கட்டு, மோனை" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கிணற்றடிக்குப் போனார். என் பெட்டியின் அடியில், நான் வீட்டிலிருந்து வரும்போது உடுத்தி வந்த சட்டை கிடந்தது. அம்மா தன் கையால் தைத்தது. மஞ்சளில் சின்னச் சின்னப் புள்ளி. அது எனக்கு எப்போதோ சிறுத்துப் போய்விட்டது. பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் இரண்டு முடிச்சுப் போட்டேன். கிளிநொச்சிக்கு நெல் ஏற்றப் போகிற லொறிக்காரரிடம் பெரியம்மா அதைக் கொடுத்து விட்டார். பிரித்துப் பார்க்கவில்லை.

துணி எடுத்த கதையை அக்கா எனக்குப் பிறகு சொன்னாள். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முற்றத்தில் சீலையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறார். அக்காவுக்கு ஒரு மெல்லிய ரோசாப்பூ நிறத்தில் ஆசை. "நிறம் படத்தில விழாது, பிள்ளை. கறுப்பும் வெள்ளையும்தானே. பூப் பெரிசாயிருந்தாத்தான் துணி துணியாத் தெரியும்" என்றாராம் நானா. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். கடும் நீலத்தில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பூப் போட்ட துணி. அக்கா, "உதென்ன, யன்னல் சீலை மாதிரி!" என்று மூஞ்சியை நீட்டினாளாம். தம்பிக்கும் அதே துணியில் சேட்டு என்றதும் அவன் மண்ணில் விழுந்து உருண்டானாம், "பெட்டையளின்ர துணியில நான் போடமாட்டன்" என்று. அம்மா அசையவில்லை. "இஞ்ச வந்து குடியிருக்கிறதுகள் ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஊர். ஆரின்ர பிள்ளை ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே துணியில நிண்டா ஆரும் கேக்கத் தேவையில்லை, நாலும் என்ர எண்டு தெரியும்" என்றாராம்.

சனிக்கிழமை கிளிநொச்சி ஸ்டேசனில் இறங்கினோம். பெரியம்மா எனக்குப் புதிதாக வாங்கிய மினுங்குகிற ரோஸ் சட்டை, இடுப்பில் பெரிய முடிச்சு, காலில் சப்பாத்து, முழங்கால் வரை இழுத்துவிட்ட வெள்ளை மேசு. ஐயா மாட்டு வண்டியோடு நின்றார். என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். "வளர்ந்திட்டாய்" என்றார். அதற்குப் பிறகு வீடு வரும் வரை மாட்டோடு மட்டும்தான் பேசினார். எனக்கு ஒரே எரிச்சல். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளைக் காண்கிற மனிதர் சொல்கிற சொல்லா இது?

அம்மா வாசல் படலையடியில் நின்றார். வண்டியைக் கண்டதும் ஓடி வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். தலையிலிருந்து சப்பாத்து வரை பார்த்தார். பிறகு வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "என்ர பிள்ளையோ இது?" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நான் கட்டிப்பிடிக்கப் போனேன். ரோஸ் சட்டை கசங்குமென்று பெரியம்மா பின்னுக்கிருந்து சத்தம் போட்டார்.

உள்ளே மற்ற மூன்று பேரும் யன்னல் சீலையில் நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த வரிசையில் போய் நிற்க மனம் துடித்தது. அம்மா என் சட்டையை எடுத்து வந்தார். பக்கத்து வீட்டு மெசினில் தைத்தது. தலையால் போட்டார், தோளில் இறுகிக்கொண்டது. இழுத்தார், கக்கத்தில் 'சர்' என்றது. "அளவுக்கு மேல ஒரு விரல் விட்டெல்லோ தைச்சனான்!" அம்மாவுக்கு வேர்த்துவிட்டது. பிளேட் எடுத்து இரண்டு பக்கத் தையலையும் கைப் பொருத்தையும் பிரித்தார். அதற்குப் பிறகு உடம்பில் ஏறியது, ஆனால் முதுகுப் பக்கத்துக் கொளுக்கிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு சாண் வெளி.

நான் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தானே! "பரவாயில்லை அம்மா, வேற துணி வாங்கித் தைப்பம். படத்தைப் பேந்து ஒரு நாள் எடுக்கலாம்" என்றேன், பெரிய மனிசி போல. அம்மா, "எங்கத்தைப் பேந்து? படக்காரர் இண்டைக்கே கடைசி பஸ்ஸில போறார். மிஞ்சின துணியும் தம்பியின்ர சேட்டோட சரி" என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. படக்காரருக்குப் போகிற நேரம் ஒன்று இருக்குமென்று என் இராசதந்திரத்தில் வரவேயில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

அம்மா அலுமாரியைத் திறந்து அந்த மஞ்சள் புள்ளிச் சட்டையை எடுத்தார். "அக்கா, இதையெல்லோ அளவுக்கு அனுப்பியிருந்தனீங்கள்?" பெரியம்மா சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "அவசரத்தில மாறிப் போச்சுது. என்ர பிழைதான்" என்றார் பெரியம்மா.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதும் விளங்கிவிட்டது. அவருடைய வீட்டில் நிற்க எனக்கு விருப்பமில்லை என்பதை அந்த ஒரு சட்டை அவருக்குச் சொல்லிவிட்டது. இருந்தும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு உடம்பு கூசும்.

"போட்டு வந்த சட்டையோட நிக்கட்டுமே, வடிவாத்தானே இருக்குது" என்றார் பிறகு, மெதுவாக. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "கோவியாதையுங்கோ அக்கா. இண்டைக்கு ஒரு நாள், நாலும் ஒண்டாய் நிக்கட்டும்." பெரியம்மா ரோஸ் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் போய் இருந்தார். படக்காரர் கூப்பிட்டும் அவர் படத்துக்கு வரவில்லை.

படக்காரர் இரவல் சைக்கிளில் ஒரு கறுப்புக் கோட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குடியேற்றத்தில் படம் எடுத்த தகப்பன்மார் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டோடுதான் இருப்பார்கள். ஐயா போட்டுப் பார்த்தார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்துவிட்டது. "உதோட எடுத்தா என்ர தமையனே ஆரிவன் எண்டு கேப்பான்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு வேட்டி சால்வையோடு கதிரையில் இருந்தார். அம்மா மற்றக் கதிரையில். பூப் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் தன் சேலை எடுபடக் கூடாதென்று வெறும் நிறச் சேலைதான் உடுத்தியிருந்தார். தம்பி ஐயாவின் முழங்காலோடு, அக்காவும் தங்கச்சியும் பின்னுக்கு, நான் அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில், முதுகு திறந்தபடி.

"அசையப்படாது" என்று சொல்லிவிட்டுப் படக்காரர் கறுத்த சீலைக்குள் தலையை விட்டார். அப்போது அம்மா தன் வலது கையைக் கதிரைக்குப் பின்னால் விட்டு, என் சட்டையின் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பிடித்தார். துணி போதாத இடத்தில் அம்மாவின் கை என் வெறும் முதுகில் இருந்தது. சூடான கை, விரல்கள் தடித்து, உள்ளங்கை கரடாகியிருந்தது. முதலில் சும்மா பிடித்திருந்தார். பிறகு விரல்கள் மெல்ல என் நடு முதுகைத் தடவின, விலாப் பக்கம் போய் வந்தன. எனக்குக் கண் முட்டியது. அசையக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா இனி என்னை விடமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

படம் முடிந்தது. கை எடுபட்டது. அம்மா எழும்பிக் குசினி வாசலுக்குப் போய்ப் பெரியம்மாவின் இரண்டு கையையும் பிடித்தார். "பிள்ளையை நல்லா வைச்சிருக்கிறியள் அக்கா. முதுகில கைவைச்சா எலும்பு தட்டுப்படேல்லை. இனி எனக்கொரு கவலையும் இல்லை" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் திறந்த முதுகோடு முற்றத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கன்றுக்குட்டியைக் கை மாற்றுகிறவர்கள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று தோன்றியது.

அடுத்த நாள் ரெயிலேற்றினார்கள். அம்மா படலையடியில் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் சொல்ல வெட்கமாயிருக்கிறது. அம்மாவுக்கு நான் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன். கடிதம் வந்தால், "சுகம், உங்கள் சுகத்தையும் அறிய ஆவல்" என்று இரண்டு வரியில் பதில். விடுமுறைக்கு வரச் சொன்னால் படிப்பிருக்கிறது என்பேன். அக்காவின் கலியாணத்துக்குப் போனேன், அதுவும் விருந்தாளி போல, இரண்டு நாள். அந்தப் படத்தில் ஒரு பிரதி பெரியம்மா வீட்டுச் சுவரில் தொங்கியது. பார்க்கிறவர்கள், "நாலும் ஒரே துணியில, என்ன வடிவு!" என்பார்கள். நான் எழும்பி உள்ளே போய்விடுவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்துப் பன்னிரண்டு வருடம் இந்தக் கோபத்தைச் சோறு போட்டு வளர்த்தேன்.

அறுபதுகளின் கடைசியில் அக்கா இரண்டாவது பிள்ளையைப் பெற அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, அம்மாவுக்கு உதவிக்கு ஆளில்லை என்று போனேன். நான் அப்போது படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தபோது அக்கா குழந்தையோடு வந்து பக்கத்தில் இருந்தாள். அம்மாவைப் பற்றி நான் ஏதோ ஏறுமாறாகச் சொல்லிவிட்டேன், என் வாய்தானே. "பெத்ததோட அவவுக்கு வேலை முடிஞ்சுது" என்றோ என்னவோ. அக்காவுக்குச் சன்னதம் வந்துவிட்டது.

"விசர்க்கதை கதையாதை. உனக்கு என்னடி தெரியும்? அந்த மஞ்சள் சட்டை வந்த அண்டு அம்மா சோறு தின்னேல்லை, தெரியுமே? ரெண்டு வருசத்துக்கு முந்தித் தான் தைச்ச சட்டை இப்பவும் உனக்கு அளவெண்டு நினைச்சிட்டா. தங்கச்சிக்குப் போட்டுப் பாத்தா, அவளுக்குக் கச்சிதம். என்ர பிள்ளை அங்க ஒரு இஞ்சியும் வளரேல்லை, என்ர அக்காவே அதுக்குச் சாப்பாடு குடுக்கேல்லை எண்டு குளறினா. படம் எடுத்து முடிய உன்னைத் திருப்பி அனுப்பிறேல்லை எண்டு ஐயாவோட நிண்டு ஒத்துக்கொள்ள வைச்சவ. ஐயா போய்ப் பெரிய வாத்தியாரிட்டை உனக்கு வகுப்பில இடமும் கேட்டுப்போட்டு வந்தவர். தமக்கையோட உறவு முறிஞ்சாலும் முறியட்டும் எண்டு நிண்டவ. பேந்து நீ கொழுகொழுவெண்டு சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாய். என்ன செய்யிறது? நல்லாயிருக்கிற பிள்ளையைப் பறிச்சுக் காய்ச்சலுக்குக் குடுக்கிறதோ எண்டு ஐயா கேட்டார். அவவால பதில் சொல்ல முடியேல்லை."

கையிலிருந்த துணி வாய்க்கால் தண்ணீரோடு போனது. நான் அதை எடுக்கவில்லை. அந்தக் கை என் முதுகில் எலும்பைத் தேடியிருக்கிறது. எலும்பு ஒன்று தட்டுப்பட்டிருந்தால் நான் வீட்டில் நின்றிருப்பேன். ஒரு கிழமைக்காக நான் கட்டி அனுப்பிய பொய், என்னை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறது. பெரியம்மா அவித்துத் தந்த முட்டைகள் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டன. யாரைக் கோபிப்பது? முட்டை தந்தவரையா?

அம்மா குசினியில் திருவலைக்கு முன்னால் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் ஈரக் கையோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, அந்த அளவுச் சட்டை பெரியம்மா மாறி அனுப்பினதில்லை. நான்தான் வேணுமெண்டு பழசைக் கட்டி அனுப்பினனான்."

திருவுகிற கை நின்றது. "ஏன் மோனை?"

"அளவில்லாட்டித் திருப்பித் தைக்க வேணுமெல்லோ. அந்தச் சாட்டில ஒரு கிழமை உங்களோட நிக்கலாமெண்டு."

அம்மா பாதித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. "நிக்கிறியோ எண்டு நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா" என்றேன். அந்த நேரத்திலும் என் குரலில் கோபம்தான் முதலில் வந்தது.

"மாட்டன் எண்டு சொல்லிப்போடுவாயெண்டு பயந்திட்டன்" என்றார் அம்மா. "அப்பிடியொரு சட்டையோட வந்து இறங்கின பிள்ளையை இந்த மண் குடிசையில இரு எண்டு எந்த வாயால கேக்கிறது?"

தேங்காயைத் திரும்பத் திருவலையில் வைத்தார், திருவவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதுசரி, ஏனடி ஒரு கிழமை? கேக்கிறதெண்டு வந்தனி, முழுக்கக் கேட்டிருக்கலாமே, என்ர ராசாத்தி" என்று சொல்லி, தேங்காய்ப் பூ ஒட்டின கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மா அழுதார்.